தவக்காலமும் தீய நினைவுகளும்: விட்டொழித்தல் குறித்துச் சில விளக்கங்கள்

2025ஆம் ஆண்டில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இசுலாமியரின் ரமலான் நோன்பு மார்ச்சு 2ஆம் நாள் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மார்ச்சு 5ஆம் நாளன்று, கத்தோலிக்கக் கிறித்தவரின் தவக்காலம் தொடங்கியது. இரு சமயத்தாரும் ஒரே வேளையில் நோன்பு நோற்ற அவ்வாண்டில், அலுவலகங்களிலும் பல்கலைக்கழக உணவகங்களிலும் ஒரு வினா அடிக்கடி எழுந்ததை நாம் கேட்டோம். ‘நீங்களும் நோன்பாமே, தண்ணீர் அருந்தலாமா? எதை விட்டிருக்கிறீர்கள்?’ என்பதே அவ்வினா. ‘இறைச்சியை’ என்பது பெரும்பாலோர் தந்த விடை. சிலர் இனிப்பை என்றனர். இளையோர் சிலர் கைப்பேசியை என்றனர். இவ்விடைகள் பிழையானவை அல்ல. ஆயினும், இந்நோன்பை வகுத்த பழைய மரபு ‘எதை விட்டீர்’ என்று வினவியபோது உணவை மட்டும் கருதவில்லை. உள்ளத்தில் குடியேறி அதனை அரித்துக்கொண்டிருக்கும் நினைவுகளையே அது முதன்மையாகக் கருதியது.

அண்மைக் காலத்தில் இக்கருத்து வேறொரு சொல்லாட்சியில் நம்மிடையே வழங்கி வருகின்றது. ‘எதிர்மறை எண்ணங்களைக் களையும் காலம் தவக்காலம்’ என்று மறையுரைகளிலும் தியானக் கூட்டங்களிலும் கூறப்படுகின்றது. கேட்பதற்கு இனிய இத்தொடர், பழைய மரபு கூறியதையே கூறுகின்றதா என்னும் ஐயம் நமக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பெருந்தொற்றின் கொடுமை உச்சத்திலிருந்த வேளையில், தந்தையை இழந்த மாணவி ஒருவர் நம் வகுப்பில் பயின்றார். தந்தையின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. 2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், இறைவேண்டல் குழு ஒன்றில் அவர் கண்ணீர் விட்டபோது, ‘இன்னுமா அழுகிறாய்? இந்தத் தவக்காலத்திலாவது எதிர்மறை எண்ணங்களை விட்டுவிடு’ என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டதாம். ‘அழுவதும் பாவமா, ஐயா?’ என்று அவர் நம்மிடம் கேட்டார். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவுக்குச் சற்று விரிவாக விடை காண முற்படுவதே இக்கட்டுரை.

பெயர்கள் காட்டும் பொருள்

இக்காலத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்களே முதற்கண் ஆராய்தற்குரியன. இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் வசந்தத்தைக் குறித்தது. பகற்பொழுது நீளும் பருவம் என்பது அதன் அடிப்பொருள். இலத்தீனில் நாற்பதாவது என்னும் எண்ணே பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்கரோ பருவத்தையும் கொள்ளவில்லை, எண்ணையும் கொள்ளவில்லை. ‘தபசுகாலம்’ என்றும் ‘தவக்காலம்’ என்றும் அக்காலத்தில் ஆற்றப்படும் செயலையே பெயராக்கினர். சீர்திருத்தச் சபையினர் பலர் ‘லெந்து நாட்கள்’ என ஒலிபெயர்த்துக்கொண்டனர். தொடக்க நாளுக்கும் இவ்வாறே பல பெயர்கள் உள. தமிழகக் கத்தோலிக்கர் ‘திருநீற்றுப் புதன்’ என்பதை இலங்கைக் கத்தோலிக்கர் ‘விபூதிப் புதன்’ என்பர். சீர்திருத்தச் சபைகளில் அது ‘சாம்பல் புதன்’ ஆகும். முந்தைய ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஓலைகளை எரித்துப் பெற்ற சாம்பலே அன்று நெற்றியில் இடப்படுகின்றது. சைவர் நாள்தோறும் அணியும் நீற்றின் பெயரைத் தமிழ்க் கிறித்தவர் தயக்கமின்றித் தம் வழிபாட்டுச் சொல்லாக ஏற்றுக்கொண்டனர் என்பது தனியாக ஆராயத்தக்கது.

உணவு ஒறுத்தலுக்கும் இரண்டு பழஞ்சொற்கள் உண்டு. நாளில் ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பது ‘ஒருசந்தி’; புலால் நீக்கி உண்பது ‘சுத்தபோசனம்’. இந்நாட்டின் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்த தலைமுறையினர் இன்றும் ‘நான் இன்றைக்கு ஒருசந்தி’ என்று கூறுவதைக் கேட்கலாம். இளையோர்க்கு இச்சொல் விளங்குவதில்லை. சொல் மறைந்தால் அதனோடு ஒரு பழக்கமும் மறைகின்றது என்று நாம் கருதுகிறோம்; சிலர் இதனை மறுக்கக்கூடும்.

இவற்றினும் இன்றியமையாத சொல் ஒன்று உண்டு. நற்செய்தி நூல்களில் இயேசு தம் பணியைத் தொடங்கும்போது விடுக்கும் அழைப்பைக் கிரேக்க மூலம் ‘மெத்தனோயா’ என்னும் சொல்லின் வினைவடிவால் குறிக்கின்றது. மனம் வேறாதல் என்பது அதன் சொற்பொருள். இதற்கு எபிரேய மரபில் நிகராக அமைந்த வினை ‘சூப்’. அது திரும்புதலை, வழிதவறியவன் வந்த வழியே மீளுதலைக் குறிக்கும். சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மனந்திரும்புங்கள்’ என்கின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘மனம் மாறுங்கள்’ என்கின்றது. பின்னது கிரேக்கத்திற்கு நெருக்கமானது. முன்னதில் எபிரேயத்தின் உயிர்ப்பு உள்ளது எனலாம். இலத்தீன் மொழிபெயர்ப்போ இவ்விடத்தில் ‘தவம் செய்யுங்கள்’ என்னும் பொருள் தருமாறு அமைந்தது. 1517ஆம் ஆண்டு மார்ட்டின் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து கருத்துரைகளில் முதலாவதே இச்சொல் பற்றியதுதான். நம்பிக்கையாளரின் வாழ்வு முழுவதும் மனமாற்றமாக அமைதல் வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு ஐரோப்பிய வரலாற்றையே அசைத்தது என்றால், ‘எதிர்மறை எண்ணம்’ என்னும் புதுச்சொல்லை நாம் ஆராய்ந்து கையாளுதல் தகும்.

நாற்பது நாள்

நாற்பது நாளின் கணக்கைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே ‘நாற்பது’ என்னும் பெயர் காணப்படுகின்றது. மேலைத் திருச்சபையில் இக்காலம் முன்பு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி ஆறு வாரம் நீடித்தது. ஞாயிறு உயிர்ப்பின் நாளாதலால் அன்று நோன்பில்லை. ஆகவே நாற்பத்திரண்டில் ஆறு போக முப்பத்தாறு நாளே எஞ்சின. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் இதனை ஆண்டின் பத்திலொரு பங்கு எனக் கணக்கிட்டு, விளைச்சலில் செலுத்தும் பத்திலொரு பங்கைப் போல நாட்களிலும் செலுத்துகிறோம் என விளக்கினார். நாற்பதை நிறைவாக்கப் பின்னர் நான்கு நாட்கள் முன்னே சேர்க்கப்பட்டன. தவக்காலம் புதன்கிழமையில் தொடங்குவது இதனாலேயே. அந்தப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னாள் வரை எண்ணினால் நாற்பத்தாறு. ஞாயிறு ஆறும் நீங்க நாற்பது.

இன்றைய கத்தோலிக்கச் சட்டம் கேட்பது மிகக் குறைவு. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே ஒருசந்திக்குரிய கடமை நாட்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரை உள்ளோர்க்கே அக்கடமை உண்டு. சட்டம் குறைந்ததற்குக் காரணம் நோன்பு வேண்டாம் என்பதன்று. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், தவக்கால ஒறுத்தல் அகத்தே தனியொருவருக்கு மட்டும் உரியதாய் நில்லாமல் புறத்தேயும் சமூகத்திலும் வெளிப்படவேண்டும் என வலியுறுத்தியது. வயிற்றிலிருந்து உள்ளத்திற்கும், உள்ளத்திலிருந்து அண்டை வீட்டாருக்கும் நோன்பை நகர்த்துவதே அதன் நோக்கம். இந்நோக்கமும் புதியதன்று. தம் மக்களின் நோன்பு நாள் சச்சரவிலும் கூலியாட்களை ஒடுக்குவதிலும் கழிகின்றது என எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரம் சினந்து பேசுவதை நோக்குக.

பாலைநிலத்தார் கண்ட எட்டு நினைவுகள்

விட்டொழிக்க வேண்டிய நினைவுகள் எவை என்று முறையாக வகுத்தவர், நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுசு ஆவார். கருங்கடற்கரையை ஒட்டிய பொந்து நாட்டில் 345ஆம் ஆண்டளவில் பிறந்து, கொன்சுதாந்திநோபிளில் புகழ்பெற்ற சொற்பொழிவாளராய் விளங்கிய அவர், பின்னர் நித்திரியாவிலும் கெல்லியாவிலும் துறவியாக வாழ்ந்து 399இல் மறைந்தார். அவர் எழுதிய ‘பிராக்திகோசு’ என்னும் சிறுநூலில் எட்டுத் தீய நினைவுகள் நிரல்படக் கூறப்படுகின்றன: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், ‘அக்கீதியா’ என்னும் சலிப்பு, வீண்பெருமை, செருக்கு. இவற்றை அவர் பாவங்கள் என்று அழைக்கவில்லை. நினைவுகள் என்றே அழைத்தார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. இந்நினைவுகள் உள்ளத்தைத் தொல்லைப்படுத்துவதும் படுத்தாமையும் நம் கையில் இல்லை; அவற்றைத் தங்கவிடுவதும் விடாமையுமே நம் கையில் உள்ளன என்பது அவருடைய கொள்கை. தீய நினைவு எழுந்துவிட்டது என்பதற்காகவே தம்மைப் பழித்துக்கொள்வோர்க்கு இவ்வொரு வேறுபாடே பெரும் ஆறுதலாகும்.

எட்டனுள் அவர் மிக நுட்பமாக விளக்குவது ‘அக்கீதியா’வையே. நண்பகல் வேளையில் அது துறவியைத் தாக்கும். கதிரவன் நகரவே இல்லை என்று தோன்றும். ஒரு பகல் ஐம்பது நாழிகையாய் நீளும். சாளரத்தின் வழியே அடிக்கடி பார்க்கத் தூண்டும். இருக்கும் இடத்தின்மீது, செய்யும் பணியின்மீது, வாழும் வாழ்வின்மீது வெறுப்பு வரும். உடன்வாழும் சகோதரரிடம் அன்பில்லை, ஆறுதல் கூற எவருமில்லை என்னும் எண்ணம் எழும். அண்மையில் எவரேனும் மனம் வருத்தியிருந்தால், அதுவும் சரியாக அவ்வேளையில் நினைவுக்கு வரும். வேறோர் ஊருக்குச் சென்றால் எல்லாம் நலமாகும் என்று தோன்றும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், தவக்காலத்தின் நடுவே, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டு, மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வாரங்களை நினைவுகூர்வோர்க்கு இவ்விளக்கம் பழைய நூற்செய்தியாகத் தோன்றாது.

இக்கோட்பாட்டை மேலை நாட்டுக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியன். பெரிய கிரகோரியார் அதனை மாற்றியமைத்தார். செருக்கை எல்லாவற்றிற்கும் வேராகத் தனியே நிறுத்தினார். சலிப்பைத் துயரத்தோடு இணைத்தார். பொறாமையைப் புதிதாகச் சேர்த்தார். பின்னர் மேலும் திரிந்து, தமிழ்க் கத்தோலிக்கச் சிறுவர் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த ‘தலையான பாவங்கள் ஏழு’ என்னும் பட்டியல் உருவாயிற்று: அகங்காரம், லோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். பொறாமைக்குக் ‘காய்மகாரம்’ என்னும் சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது! பிறர் வாழக்கண்டு உள்ளம் காய்தல் அதில் தெளிவாகக் கேட்கின்றது. ‘சோம்பல்’ என்னும் சொல்லைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. எவாகிரியுசு குறித்த நிலை உடலின் மடியன்று. அந்நிலைக்கு ஆட்பட்டவன் ஓயாது அலைபவனாகவும் இருக்கலாம். நினைவுகள் என்று தொடங்கியது பாவங்களின் பட்டியலாக முடிந்ததும், துயரம் என்னும் ஒன்று அப்பட்டியலிலிருந்தே மறைந்ததும் பேரிழப்புகள் என்பது நம் கருத்து.

தமிழில் இத்தகைய அகச்சோதனை அச்சு நூலின் தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றிய என்றீக்கே என்றீக்கசு அடிகளார், ஈராண்டுக்குப் பின் 1580இல் வெளியிட்டது பாவ அறிக்கைக்கான கையேடாகும். தன் உள்ளத்தைத் தானே வினவிக்கொள்ளும் முறையைத் தமிழர் கையில் அச்சு நூலாகத் தந்த முதல் முயற்சி அது. மறைத்து வைத்த நினைவைச் சொல்லால் வெளிப்படுத்த வேண்டும் என்பது பாலைநிலத் துறவியர் வற்புறுத்திய நெறி. ‘எதிர்மறை எண்ணத்தை ஒதுக்கு’ என்னும் இன்றைய அறிவுரையோ நினைவைப் பாராதே, பேசாதே என்கின்றது. பழைய நெறி, அதனைப் பார், பெயர் சொல், மூத்தவர் ஒருவரிடம் கூறு என்கின்றது. இரண்டும் ஒன்றல்ல.

துயரம் விடத்தக்கதா?

இப்போது அம்மாணவியின் வினாவுக்கு வரலாம். எவாகிரியுசின் எட்டனுள் துயரமும் ஒன்றாயிற்றே. எனவே அறிவுரை கூறியவர் சொன்னது சரிதானே என்று வாதிடக்கூடும். பாலைநிலத்தார் கூறிய துயரம் எதுவென்று நோக்கினால் இவ்வாதம் நில்லாது. எவாகிரியுசு துயரத்தின் தோற்றத்தை விருப்பம் நிறைவேறாமையிலும் சினத்தின் தொடர்ச்சியிலும் காண்கிறார். கிட்டாத ஒன்றை எண்ணி எண்ணி, பழைய வீட்டையும் பழைய இன்பத்தையும் மனத்தில் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்த்து, நிகழ்காலத்தை வெறுக்கும் நிலையே அது. காசியன் இன்னும் தெளிவாக இருவகைத் துயரத்தைப் பிரிக்கிறார். ஒன்று மனிதனைக் கடுகடுப்பாகவும் பயனற்றவனாகவும் ஆக்கி இறைவேண்டலிலிருந்து விலக்குவது. மற்றொன்று பணிவையும் கனிவையும் பொறுமையையும் தருவது. இப்பிரிவினைக்கு அடிப்படை, பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஏழாம் அதிகாரம். கடவுளுக்கு ஏற்ற துயரம் மீட்புக்கு இட்டுச்செல்லும் என்றும், உலகப் போக்கிலான துயரம் சாவை விளைவிக்கும் என்றும் அங்கே வேறுபடுத்தப்படுகின்றது. துயரம் எத்தகையது என்பதை அதன் கனியாலேயே அறியவேண்டும். கண்ணீரின் அளவால் அறிய இயலாது.

தவக்கால வழிபாட்டையே சான்றாகக் கொள்வோம். 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பற் பாடல்களே. ஆழ்துயரிலிருந்து எழும் 130ஆம் பாடல் உட்பட ஏழு பாடல்கள் தவத்திற்குரியனவாகத் தொன்றுதொட்டு ஓதப்படுகின்றன. புனித வாரத்தில் எரேமியாவுக்கு உரியதாகக் கருதப்பட்ட புலம்பல் நூல் இசையோடு பாடப்பட்டது. மூவாண்டுச் சுழற்சியில் முதலாண்டுத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தி, நண்பர் இலாசரின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டதைக் கூறுகின்றது. இறந்தவனைத் தாம் எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அவர் அழுதார். அங்கே எவரும் அவரை எதிர்மறையாளர் என்று குறைகூறவில்லை. இவர்மேல் எத்துணை அன்பு கொண்டிருந்தார் என்று யூதர் வியந்தனர் என்றே யோவான் எழுதுகிறார்.

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் மரபு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகளார் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’, இயேசுவின் பாடுகளைக் கூறி உள்ளத்தை உருக்குவது. தவக்காலத்தில் ஆலயங்களில் மக்கள் கூடி அதனை இராகத்தோடு வாசிப்பதும், கேட்போர் கண்ணீர் விடுவதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமாகும். ஒப்பாரி தெரிந்த சமுதாயம் அதனைத் தன் வழிபாட்டுக்குள்ளும் இடம்பெறச் செய்தது. பிறர் பாடுகளுக்காக ஒன்றுகூடி அழும்போது, தன் வீட்டில் இறந்தவர்க்காகவும் சேர்த்தே அழும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கின்றது. அவ்வுரிமையை நாம் இழந்து வருகின்றோம். அம்மாணவிக்கு மறுக்கப்பட்டதும் அதுவே.

எனினும், புதிய சொல்லாட்சியை முற்றாகத் தள்ளுவதற்கில்லை. உளநோயாகிய மனச்சோர்வு வேறு, நாம் மேற்கூறிய நினைவுகள் வேறு. முன்னதற்கு மருத்துவமும் உளவள ஆலோசனையும் வேண்டும். நோன்பையும் செபத்தையும் அவற்றுக்கு மாற்றாகக் கூறுவது தீங்கு பயக்கும். இது குறித்து நம் ஆலயங்களில் முன்னைவிட வெளிப்படையாகப் பேசப்படுவது வரவேற்கத்தக்கதே.

வள்ளுவரின் தவம்

ஒப்பியல் நோக்கில் ஒன்றை மட்டும் இங்குச் சுட்டலாம். திருக்குறளின் துறவறவியலில் புலான் மறுத்தல், தவம், கூடாவொழுக்கம் ஆகியவை 26, 27, 28ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. உணவுக் கட்டுப்பாடு, அதனை அடுத்துத் தவம், அதனை அடுத்துத் தவவேடத்தில் ஒளிந்திருக்கும் பொய்ம்மை என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்திப் பகுதி, நோன்பைப் பிறர் காண நோற்கும் வெளிவேடக்காரரைக் கண்டிக்கின்றது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாளிலேயே, முகத்தைக் கழுவிக்கொள் என்னும் வாசகமும் வருவது ஒரு நயமான முரண். தமக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் தவத்தின் வடிவமாக வள்ளுவர் காட்டுகிறார். இவ்விரண்டனுள் ‘எதிர்மறை எண்ணம்’ என்னும் சொல் தொடாதது இரண்டாவதையே. தன் மன அமைதிக்காக எண்ணங்களைக் களைபவன், தான் துன்புறுத்திய ஒருவரை மறந்தும் அமைதி பெற்றுவிடலாம். தவம் அவ்வாறு விடாது. ஒற்றுமைகளைக் கண்டு இரு மரபுகளும் ஒன்றே என முடிவுகட்டுவது நம் நோக்கமன்று. வள்ளுவரின் தவம் துறவிக்குரியது, தவக்காலம் இல்லறத்தார் யாவர்க்கும் உரியது என்னும் வேறுபாடு ஒன்றே போதும்.

பகையும் பந்தியும்

எட்டு நினைவுகளுள் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவது சினமே, அதிலும் ஆறாது கிடக்கும் சினம். கிரேக்கத் துறவியர் இதனைத் ‘தீமையை நினைவில் வைத்தல்’ எனப் பொருள்படும் ஒரே சொல்லால் குறித்தனர். தமிழில் செற்றம், கறுவு, வன்மம் எனப் பல சொற்கள் இதற்கு உண்டு. சொல்வளத்தைக் கொண்டு பழக்கத்தின் அளவைக் கணிக்கலாமோ என்னவோ. வீட்டுப் பங்கு, திருமண அழைப்பில் விடுபட்ட பெயர், இறப்பு வீட்டில் கேளாத ஒரு சொல் ஆகியவற்றால் பத்து, பதினைந்து ஆண்டுகள் பேசாதிருக்கும் உடன்பிறப்புகளை நம்மில் யார்தாம் அறியார்? இறைவேண்டல் வேளையில், வருத்தியவரின் முகமே கண்முன் வந்து நிற்கும் என எவாகிரியுசு எழுதுகிறார். தனித்திருந்தால் சினம் தணியும் என்பதையும் இம்மரபு ஏற்கவில்லை. தாம் பாலையில் தனித்து வாழ்ந்தபோது, எழுதுகோல் தடித்துவிட்டது, கத்தி மழுங்கிவிட்டது, சிக்கிமுக்கிக் கல் விரைவில் தீப்பற்றவில்லை என்று அப்பொருள்கள் மீதே சினந்ததைக் காசியன் ஒளிவின்றி எழுதியுள்ளார். எதிரே ஆளில்லாமையால் சினம் குறையவில்லை. அது கல்லைத் தேடிக்கொண்டது.

இதற்கு அவர்கள் கூறிய மருந்து வியப்புக்குரியது. எண்ணத்தை எண்ணத்தால் வெல்லச் சொல்லி நிறுத்தவில்லை. கொடை பகையை அணைக்கும் என்கிறார் எவாகிரியுசு. நானூறு ஆட்களோடு எதிர்வந்த அண்ணன் ஏசாவை, முன்னதாகவே மந்தை மந்தையாகப் பரிசில் அனுப்பி யாக்கோபு தணித்த தொடக்கநூல் நிகழ்ச்சியை அவர் சான்று காட்டுகிறார். பாலைநிலத் துறவியிடம் அனுப்புவதற்கு மந்தை ஏது? நாம் வறியவர், ஆதலால் அக்குறையை உணவுப் பந்தியால் நிறைவு செய்வோம் என்று அவர் முடிக்கிறார். நாளுக்கு ஒருமுறை மட்டும் உண்டு, அவ்வுணவையும் அளந்து உண்டு வாழ்ந்த ஒருவர், பகைத்தவனை உண்ண அழை என்கிறார்.

நோன்பும் விருந்தும் இவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. உண்ணாது மீந்தது அடுத்தவர் பந்திக்குச் செல்ல வேண்டும் என்பதே ஈகை நோன்போடு இணைக்கப்பட்டதன் காரணம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் சென்று உறவாடுமாறு பணிக்கும் மத்தேயு நற்செய்திப் பகுதி, தவக்கால முதல் வாரத்து வெள்ளியன்றே வாசிக்கப்படுகின்றது. ஏழுமுறை மட்டுமா மன்னிப்பது எனப் பேதுரு கேட்கும் பகுதி மூன்றாம் வாரத்துச் செவ்வாயன்று வருகின்றது. வார நாட்களின் வாசகங்களாதலால் ஞாயிறு மட்டும் ஆலயம் செல்வோர் இவ்விரண்டையும் கேளாமலே தவக்காலத்தைக் கழித்துவிடுவதுண்டு. சிங்கப்பூர் ஓபீர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் முதலாக, இப்பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் ஆலயங்கள் பலவற்றில் வெள்ளிதோறும் மாலையில் சிலுவைப்பாதை நடைபெறுகின்றது. பதினான்கு நிலைகளையும் கடந்து வீடு திரும்பும் வழியில், பேசாதிருக்கும் தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டுவது பதினைந்தாம் நிலையென்று முதியவர் ஒருவர் நம்மிடம் கூறினார். அவர் தட்டினாரா என்று கேட்டோம். ‘இரண்டு முறை தட்டினேன், திறக்கவில்லை. அடுத்த வெள்ளி மீன்குழம்பு வைத்து எடுத்துப் போகப் போகிறேன்’ என்றார்.